கல்வராயன் மலை: கண்ணுக்கும் செவிக்கும் விருந்து

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், 'இவ்வாண்டு எங்கே செல்வது?' என்னும் பேச்சு நம் இல்லங்களில் தொடங்கிவிடுகிறது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு எனப் பட்டியல் நீளும். அங்குள்ள கூட்ட நெரிசலையும் விடுதிக் கட்டணத்தையும் எண்ணிப் பார்த்ததும் நடுத்தரக் குடும்பத்தினர் மலைத்துப் போவர். அத்தகையோர்க்கு வல்ல அல்லாஹ் அருகிலேயே விரித்து வைத்திருக்கும் எழில்மிகு இடம் கல்வராயன் மலை.

வழியும் வனப்பும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இதற்கு இரு பிரிவுகள் உண்டு. பெரிய கல்வராயனின் உயரம் 4,000 அடியை எட்டும்.

2019ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரான கள்ளக்குறிச்சி, சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. அங்கிருந்து கச்சிராயபாளையம் சென்றால் மலையடிவாரத்தில் கோமுகி அணையைக் காணலாம். 46 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் இவ்வணை, மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீரைச் சேர்த்துச் சமவெளி வயல்களுக்கு வழங்குகிறது. அதன் பின்னர் சாலை வளைந்து வளைந்து மேலேறி வெள்ளிமலையை அடைகிறது. பெரியார் அருவி, மேகம் அருவி ஆகியன மழைக்காலத்தை அடுத்த மாதங்களில் பொங்கி வழியும், கடுங்கோடையில் மெலிந்துவிடும். ஆகவே அருவி காண விழைவோர்க்குக் கோடையைவிட அரையாண்டு விடுமுறையே ஏற்றது.

மலையின் மக்கள்

அருவியைக் கண்டோம், குளித்தோம், உண்டோம், திரும்பினோம் என்று பயணத்தை முடித்துக் கொள்வோரே பெரும்பாலோர். அம்மலையில் வாழும் மனிதர்களை அறியாமல் திரும்புவது, ஒரு வீட்டிற்குச் சென்று திண்ணையை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்திற்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களின் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்கள் என்றும், அவர்தம் வழியினரே சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் பரவினர் என்றும் கூறுவது இவர்களின் செவிவழி மரபு. சாமையும் தினையும் இவர்களின் பழைய பயிர்கள். இன்று மரவள்ளியும் பெருமளவில் விளைகிறது.

இம்மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1976ஆம் ஆண்டில்தான் அந்த ஜாகீர்களை அரசு மேற்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியன இங்கு பிந்தி வந்தமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 65க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. அது முதல் கல்வராயன் என்றாலே 'சாராய மலை' என்று இகழ்ந்துரைப்போர் பெருகினர். அங்கே சாராயம் காய்ச்சப்பட்டு வந்தது உண்மையே. ஆயினும் அவ்வுயிர்களைப் பறித்த மெத்தனால், ஆலைகளில் உருவாகும் நஞ்சு, மலையில் காய்ச்சப்படுவதன்று. சிலர் செய்யும் தவற்றை ஒரு சமுதாயத்தின் மீதே சுமத்தும் அநீதி எத்தகையது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது.

பாட்டால் புகழ்பெற்ற ஒரு நகரம்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் தலைநகரம் நாஷ்வில். நாட்டுப்புற இசைக்கென்றே புகழ்பெற்ற நகரம் அது. அங்கே 1925ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்னும் வானொலி இசை நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. அதைக் காணவே பல நாடுகளிலிருந்தும் பயணிகள் குவிகின்றனர்.

அந்த இசை நகரத்தில் பிறந்ததன்று. அப்பலாச்சிய மலைகளில் வாழ்ந்த எளிய குடியானவர்களின் பாடல்களே அதற்கு வேர்களாயின. அவ்விசைக்கு இன்றியமையாத பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் கொடை. அவ்வாறு கொண்டு செல்லப்பட்டோருள் முஸ்லிம்களும் இருந்தனர். மலைவாசிகளிடமும் அடிமைகளிடமும் பிறந்த கலையால் ஒரு மாநகரம் செல்வம் கொழிக்கிறது. நம் மலைவாசிகளின் பாடல்களையோ கேட்பாரில்லை.

நம் வீட்டுப் பாடல்கள்

நாட்டார் பாடல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் தொட்டிலாட்டித் தாலாட்டுப் பாடினர். கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர், மசலா என இஸ்லாமியத் தமிழுக்கே உரிய பா வகைகள் இல்லந்தோறும் ஓதப்பட்டன. ரமளான் இரவுகளில் பக்கீர்கள் தாயிரா ஒலித்துப் பாடி ஸஹருக்கு எழுப்பினர். இவற்றுள் எத்தனை இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்?

இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதம் இங்கே தேவையில்லை. ஒரு மூதாட்டி தன் வாய்மொழியாகச் சொல்லும் உழவுப் பாட்டையும் ஊர்க் கதையையும் செவிமடுப்பது, எழுதப்படாத வரலாற்றைப் படிப்பதாகும். 1340களில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா, தாம் கண்டதோடு பிறர் சொல்லக் கேட்டதையும் பதிய வைத்ததாலன்றோ அவர்தம் பயண நூல் இன்றும் பயில்கிறது! மனிதர் பல இனத்தாராய்ப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்னும் திருமறையின் கருத்தும் இதனையே வலியுறுத்துகிறது.

விருந்தினரின் ஒழுக்கம்

மலைக்குச் செல்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஹலால் உணவு மேலே எளிதில் கிட்டாது. புளிச்சோறு, சப்பாத்தி, அவித்த முட்டை போன்றவற்றை உடன் கொண்டு செல்லலாம். தொழுகை விரிப்பும் மறவாது எடுத்துச் செல்க. சென்னை போன்ற தொலைவூர்களிலிருந்து வருவோர்க்குத் தொழுகையைச் சுருக்கும் பயணச் சலுகை உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்தே மலையேறுவோர்க்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என அறிஞர்கள் கணக்கிடும் அத்தொலைவு வாராது.

அருவிப் பாறைகள் வழுக்கும். மேலே மழை பெய்தால் நீர் திடீரெனப் பெருகும். வனத்துறையினர் தடுத்தால் வாதிட வேண்டா. பெண்களும் பிள்ளைகளும் கூட்டமில்லா முற்பகலில் செல்வதே நன்று.

சாமை, தேன், கடுக்காய் முதலியவற்றை அம்மக்களிடமே வாங்குக. கடையில் மறுபேச்சின்றிப் பணம் தரும் நாம், அவர்களிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது நியாயமன்று. அனுமதியின்றி அவர்களைப் படம் பிடித்தல் தகாது. அவர்தம் வழிபாட்டைப் பழித்தலும் தகாது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர், நெகிழிப் புட்டிகளை ஓடையில் எறிந்துவிட்டு வரலாமா?

பிள்ளைகளுக்கு ஒரு சிறு பணி கொடுங்கள். மலையில் எவரேனும் ஒரு பெரியவரிடம் பணிவோடு பேசி, அவர் மகிழ்ந்து சொல்லும் ஒரு பாட்டையோ கதையையோ குறிப்பேட்டில் எழுதி வரச் செய்யுங்கள். வீடு திரும்பியதும் தம் பாட்டியிடமும் அவ்வாறே ஒரு தாலாட்டைக் கேட்டு அடுத்த பக்கத்தில் எழுதட்டும்.

காண்பதைக் கொண்டு படிப்பினை பெறவும், கேட்பதைக் கொண்டு மனிதரை மதிக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.