பின்பலகையில் முடிவாகும் வேகம்

ரேடியோ ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு மாடல் கட்ட இறங்குபவர்கள் முதலில் விசாரிப்பது மோட்டாரையும் பேட்டரியையும்தான். முதலில் பார்க்க வேண்டியது படகின் பின்பலகையை என்பேன். ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட், சுக்கான், டிரிம் டேப் என்று அங்கே முடுக்கப்படும் சில உலோகத் துண்டுகள்தான், மோட்டாரின் சக்தியில் எவ்வளவு வேகமாக மாறும், எவ்வளவு வீணாகும் என்பதை முடிவு செய்கின்றன. பெரிய படகுகளின் வரலாறே இதற்குச் சாட்சி. 1939-இல் மால்கம் கேம்ப்பெல் புளூபேர்ட் கே4 படகில் மணிக்கு 228 கி.மீ. வேகத்தைத் தொட்டார், அதில் இருந்தது விமானப் பந்தயத்துக்கென்றே உருவான ரோல்ஸ்-ராய்ஸ் ஆர் எஞ்சின். 1950-இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ஸ்லோ-மோ-ஷன் 4 அந்தச் சாதனையை 258 கி.மீ.க்கு உயர்த்தியது. அதில் இருந்த ஆலிசன் எஞ்சினோ சக்தியில் குறைந்தது. டெட் ஜோன்ஸ் வடிவமைத்த அந்தப் படகு, வேகமெடுத்ததும் பின்பகுதி மேலெழும்பி, பாதி மட்டுமே நீரில் அமிழ்ந்த ப்ரொப்பெல்லரின் மேல் சவாரி செய்தது. இன்றைய பந்தய மாடல்கள் போவதும் அதே வழியில்தான்.

நீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறக்குறைய 800 மடங்கு. நீருக்குள் இழுபடும் ஒவ்வொரு துண்டும் வேகத்தைத் தின்கிறது. அதனால்தான் ப்ரொப்பெல்லரின் நடுக்குமிழும் ஸ்ட்ரட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வர வேண்டும். ஆனால் பாதி அமிழ்ந்த ப்ரொப்பெல்லர் முன்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை. கீழ்ப்பாதி இறக்கை மட்டுமே நீரை அடிப்பதால் பின்பகுதியைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இறக்கை நீருக்குள் இறங்கும்போது மேலே தூக்கவும் செய்கிறது. ஸ்ட்ரட்டைச் சற்றே இறக்கினால் பின்பகுதி உயர்ந்து மூக்கு நீரில் அழுந்தும், படகு கனத்து ஓடும். அளவுக்கு மீறி ஏற்றினாலோ இறக்கைக்கு நீரில் பிடிப்பு இராது. அரை மில்லிமீட்டர் மாற்றம்கூட ஓட்டத்தில் தெரியும். எனவே ஸ்ட்ரட்டின் துளைகளை நீள்துளைகளாக வெட்டி, தளர்த்தி நகர்த்தும்படி வைப்பார்கள்.

உள்ளே மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டும் இதே கவனம் கேட்கும். பல அடுக்காகச் சுற்றிய எஃகுக் கம்பி அது. முறுக்கு விசை ஏறும்போது நீளத்தில் சுருங்கும். ப்ரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் டிரைவ் டாகுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் பொருத்தினால், முழு வேகத்தில் இரண்டும் உரசி இறுகும். சூடேறும், மோட்டார் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுத்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையே கருக்கிவிடும். கையால் சுழற்றிப் பார்க்கும்போது எல்லாம் வழவழப்பாகவே இருப்பதுதான் இந்தக் கோளாறின் ஆபத்து.

இன்னும் பெரிய மோட்டாரைப் போட்டால் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லையே என்று சிலர் கேட்பார்கள். ஒரு கணக்குப் போடலாம். ஆக்டுரா எக்ஸ்447 ப்ரொப்பெல்லரின் விட்டம் 47 மி.மீ., பிட்ச் அதன் 1.4 மடங்கு, அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 66 மி.மீ. முன்னேற்றம். நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் மணிக்கு ஏறக்குறைய 99 கி.மீ. நழுவல் சிறிதும் இல்லாவிட்டால்தான் இந்த வேகம் கிடைக்கும். பிடிப்புக் கெட்ட ஸ்ட்ரட்டோடு மோட்டாரைப் பெரிதாக்கினால் நழுவலும் வெப்பமும்தான் கூடும். மூக்கு ஏற்கெனவே மேலே தூக்கி ஓடும் படகானால், கூடுதல் சக்தி அதைக் காற்றில் கவிழ்த்துவிடும்.

கடையிலேயே எல்லாம் பொருத்திய படகு கிடைக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. தொடங்குபவருக்கு அது நல்ல வழிதான். ஆனால் தயாரிப்பாளர் வைத்த ஸ்ட்ரட் உயரம் ஒரு குறிப்பிட்ட பேட்டரி எடைக்கும், அது உட்காரும் இடத்துக்கும் பொருந்தியது. வாங்கியவர் கனமான பேட்டரியைப் போட்டாலோ, அதை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினாலோ, புவியீர்ப்பு மையம் நகர்ந்துவிடும். அப்போது கடைப்படகின் ஸ்ட்ரட்டையும் தளர்த்தி, உயரத்தை மறுபடி பார்த்துத்தான் முடுக்க வேண்டும்.