சுருட்டு இருப்பும் ஆடிக் காற்றும்

அரிசி பழையதானால் விலை கூடும். புளி பழையதாகிக் கறுத்தால் விலை இறங்கும். சுருட்டு இவற்றில் எந்த வகை என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். இரண்டும்தான் என்றோம்.

திருச்சி சுருட்டு சீமை வரை பெயர் வாங்கிய சரக்கு. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார்! அந்தப் பேருக்குக் காரணம் இலையின் பக்குவம். காய்ந்த இலையை அம்பாரமாக அடுக்கினால் தானே சூடேறிப் புழுங்கும். பிரித்து மாற்றி அடுக்குவார்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அதில் வெளியேறும். சுருட்டிய பிறகும் கொஞ்சம் நெடி மிஞ்சும். அதனால்தான் புதுச் சுருட்டு தொண்டையைப் பிடிக்கிறது. சில மாதம் கிடந்தால் மட்டுப்பட்டு, மணம் ஒன்றுசேரும்.

ஆனால் ஈரம் போகக் கூடாது. மேல்நாடுகளில் காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரம் இருக்கும்படி பெட்டியில் வைக்கிறார்கள். நம் கரிசல் பூமியில் ஆனி, ஆடிக் காற்று என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா?

ஒரு வருஷம் வைகாசியில் விலை சகாயம் என்று இருபது கட்டு கூடுதலாக எடுத்துத் தகரக் கூரைக்கடியில் மேல்தட்டில் வைத்தோம். ஆடி முடிவதற்குள் மேல் இலை அப்பளம் போல நொறுங்கியது. ஈரத் துணி சுற்றிப் பார்த்தோம். பூசணம் பிடித்ததுதான் மிச்சம். போன மணம் திரும்பவில்லை. திருப்பி எடுப்பாரும் இல்லை. அத்தனையும் நஷ்டம்.

அதே கொள்முதலில் ஒரு கட்டு மட்டும் உள்ளறையில் மூடிய மண்பானையில் மறந்து கிடந்தது. தை மாதம் கண்ணில் பட்டது. வாடிக்கைச் சம்சாரி ஒருவர் பற்றவைத்துவிட்டு, "அண்ணாச்சி, இது வேற சரக்கா?" என்றார்.

இன்னொரு எதிரி வண்டு. மல்லியிலும் மஞ்சளிலும் வற்றலிலும் துளை போடும் அதே செம்பழுப்புச் சிறு வண்டுதான் சுருட்டையும் துளைக்கிறது. வெயில் காலத்தில் முட்டை சீக்கிரம் பொரிக்கும். ஆகவே அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலைக்குப் பக்கத்திலும் வேண்டாம், நெடி ஏறிவிடும்.

நாள்பட்டால் காரம் குறையுமே தவிர, கெடுதல் குறையாது. வாய்ப்புற்று தரும் சரக்கு இது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்க்கு விற்கவும் கூடாது. இப்போது கேட்டு வருகிறவர்களும் பெரியவர்கள் சிலர்தான். நாம் ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுப்பதில்லை. வாங்கும்போது விரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறோம்: சரசரவென்றால் வேண்டாம், அமுங்கி நிமிர்ந்தால் பானைக்குள் போகிறது.