மூஞ்சூறால் நோன்பு பிடிக்க முடியுமா?

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நற்பிட்டிமுனையிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் வாப்பா எலிக்கூடு வைத்தார். மறுநாள் கலியாண வீட்டுக்குப் போன அவசரத்தில் எல்லோரும் கூட்டை மறந்துவிட்டோம். ஞாயிறு காலை பார்த்தால் உள்ளே ஒரு மூஞ்சூறு செத்துக் கிடந்தது. சுட்ட தேங்காய்ச் சொட்டில் ஒரு சிறு கடிதான் இருந்தது.

"பசியில செத்திருக்கும் உம்மா" என்றேன்.

"ஒரு நாள் பசிதானே மகள்! நாம நோன்பு பிடிக்கல்லியா?" என்று உம்மா கேட்டார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன்.

சஹர் செய்தபின் மஃரிப் வரை நாம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், நமது ஈரலில் கிளைக்கோசனும் உடலில் கொழுப்பும் சேமிப்பாக இருப்பதுதான். அந்தச் சேமிப்பை நம் உடல் மெதுவாகச் செலவழிக்கிறது. சிறிய முலையூட்டிக்கோ சேமிப்புக் குறைவு, செலவு அதிகம்.

ஏன் அதிகம்? ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றியில் 1 கன சென்ரிமீற்றருக்கு 6 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு உண்டு. பக்கம் 10 சென்ரிமீற்றரானால் அது 0.6 ஆகக் குறைகிறது. உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனோடு ஒப்பிடுகையில் வெப்பம் வெளியேறும் தோல் கூடுகிறது. இழந்த வெப்பத்தை ஈடுசெய்யக் கலங்களின் இழைமணிகள் ஓயாமல் உணவை எரிக்க வேண்டும்.

1932இல் மக்ஸ் கிளைபர் என்ற அறிஞர், விலங்குகளின் அனுசேப வீதம் உடல் திணிவின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று காட்டினார். அந்தக் கணக்குப்படி, 40 கிராம் மூஞ்சூறின் ஒரு கிராம் உடல், 4000 கிலோ யானையின் ஒரு கிராம் உடலைவிடச் சுமார் 18 மடங்கு சக்தியைச் செலவிடும். இதற்கு மேற்பரப்பு மட்டுந்தான் காரணமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இதில் காலநிலைக்கும் பங்குண்டு. குளிர்நாட்டுச் செம்பல் மூஞ்சூறுகள் மிக வேகமாக எரிக்கின்றன. நமது வீட்டு மூஞ்சூறு வெப்பவலயத்தில் தோன்றிய வெண்பல் உபகுடும்பத்தைச் சேர்ந்தது; அதன் வேகம் சற்றுக் குறைவு. அதே உபகுடும்பத்தில் சுமார் 2 கிராமே எடையுள்ள ஓர் இனத்தின் இதயம் நிமிடத்துக்கு 1500 தடவை வரை துடிக்கும். உணவு கிடைக்காதபோது அது உடல் வெப்பநிலையைத் தாழ்த்தி, உறக்கம் போன்ற நிலைக்குப் போய்ச் சக்தியை மிச்சப்படுத்துகிறது. சிங்கராஜ வனத்திலிருந்து 2007இல் அறிவிக்கப்பட்ட புதிய மூஞ்சூறு இனமும் இந்த உபகுடும்பத்ததே.

எங்கள் கூட்டிலிருந்த மூஞ்சூறு பசியால்தான் செத்ததா, பயமும் சேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு ஒரு நோன்பாக இருக்கும் நேரம், அதற்கு நீண்ட பட்டினி என்பது நிச்சயம்.

இன்னொன்றும் அறிந்தேன். மூஞ்சூறு எலியே அல்ல. கரப்பான், பூச்சி, புழுக்களே அதன் முக்கிய உணவு. நமக்கு உதவி செய்ய வந்ததைத்தான் நாங்கள் அடைத்து வைத்திருந்தோம்.

இப்போது கூடு வைத்தால் சுபஹுத் தொழுததும் முதலில் போய்ப் பார்ப்பது நான்தான். மூஞ்சூறு என்றால் வளவில் திறந்து விடுவேன். உம்மா அதன் நாற்றத்துக்கு ஏசுவார். ஆனால் "கெதியா விடு மகள், அதுக்குப் பசிக்கும்" என்றும் சொல்வார்.