பழைய பஸ் வண்டிகள் மீன்களுக்கு வீடாகுமா?

ஓடி ஓய்ந்த பஸ் வண்டி ஒன்றின் இறுதிக்காலம் பெரும்பாலும் டிப்போவின் பின்புறத்துப் பற்றைக்குள் கழிவதே நம் நாட்டு வழக்கம். மேலைநாடுகளில் அத்தகைய வண்டிகளை விலைக்கு வாங்கி, ஆசனங்களைக் கழற்றி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, நெடும் பயணங்களுக்கான நடமாடும் வீடுகளாக மாற்றிக்கொள்வோர் பலர் உளர். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் அதற்கு இடம் குறைவு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையுடன் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே துணை. ஆயினும் பழைய பஸ் வண்டிகளுக்கு வேறொரு மறுவாழ்வு அக்கடலின் அடியிலேயே அளிக்கப்பட்டுள்ளது.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டக்ளஸ் தேவானந்தா கடற்றொழில் அமைச்சராகப் பதவி வகித்த காலத்தில், இலங்கைப் போக்குவரத்துச் சபையினால் கழித்துவிடப்பட்ட பஸ் வண்டிகள் கடற்படையின் உதவியுடன் நெடுந்தீவுக் கடற்பரப்பில் இறக்கப்பட்டன. மீன்கள் பெருகுவதற்கான செயற்கைப் பார்களை அமைப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. இச்செயல் அப்போதே பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் விவாதத்தைக் கிளப்பியது. வலைகள் சிக்கிக் கிழியும், கடல் மாசுபடும் எனத் தமிழகத்து மீனவர்களும் அரசியல் தலைவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆரவாரம் அடங்கிவிட்ட நிலையில், இம்முறை எவ்வாறு பயனளிக்கின்றது, எங்கே பிழைக்கின்றது என்பதை ஆராய்ந்து பார்ப்பது தகும்.

கடலடி மணலாகவோ சேறாகவோ மட்டும் இருக்குமாயின், பற்றிப் பிடித்து வளரும் உயிர்களுக்கு அங்கு இடமில்லை. உறுதியான பொருள் ஒன்று கிடைத்தால் சில வாரங்களிலேயே பாசியும் கொட்டலசும் அதில் படியத் தொடங்கும். பின்னர் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் சேரும். அவற்றை உண்ணச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிக் கலவாய் போன்ற பெருமீன்களும் வரும். இடுக்குகளும் நிழலும் குஞ்சுகளுக்குப் புகலிடமாகும். பார் உள்ள இடத்தில் மீன் உண்டு என்பது நம் கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மையே. பவளக் கற்களை அடுக்கி மதில் கட்டிய நெடுந்தீவு மக்களுக்குப் பாரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அத்தகைய இயற்கை வளத்தைச் சிதைப்பது இழுவைமடித் தொழிலாகும். பாரமான பலகைகளுடன் கடலடியை வாரிச் செல்லும் மடி, குஞ்சு முட்டை என்ற பேதமின்றி அனைத்தையும் அள்ளுகின்றது. இலங்கையில் இத்தொழில் 2017ஆம் ஆண்டில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. எனினும், 2009இல் போர் முடிவுற்ற பின்னர் மீண்டும் கடலுக்குத் திரும்பிய வடபுலத்துத் தொழிலாளர்கள், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலையையும் வருவாயையும் இழந்த துயரம் நாடறிந்தது. கடலடியில் கிடக்கும் பாரமான பொருள் மடியைத் தடுக்கும் என்பதும் செயற்கைப் பாரின் ஒரு பயனே. ஆனால் அந்தத் தடை நம்மவரின் வலைக்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

இனி, எப்பொருளைக் கடலில் இடுவது என்ற கேள்வி எழுகின்றது. இதற்கு உலக அனுபவம் தெளிவான பாடங்களைத் தருகின்றது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் பழைய டயர்கள் கட்டுக்கட்டாகக் கடலில் இடப்பட்டன. கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. அலையில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த உயிருள்ள பவளங்களையே சிதைத்தன. அவற்றை மீள எடுக்கும் பணி பல ஆண்டுகள் நீடித்தது.

நியூயோர்க் நகரின் சுரங்க ரயில் பெட்டிகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2001ஆம் ஆண்டு முதல் டெலவேர் முதலிய கரையோரங்களில் இடப்பட்ட பழைய உருக்குப் பெட்டிகள் மீன்களின் நல்ல உறைவிடமாயின. ஆனால் 2008இல் நியூ ஜேர்சிக் கரையில் இடப்பட்ட, மெல்லிய துருவேறா உருக்குத் தகடு போர்த்த பெட்டிகள் சில மாதங்களிலேயே சரிந்து விழுந்தன. இரண்டும் ரயில் பெட்டிகளே; வேறுபாடு கட்டுமானத்தில் இருந்தது.

பஸ் வண்டியின் உடலோ ரயில் பெட்டியினும் மெல்லியது. அலுமினியத் தகடும் உருக்குச் சட்டமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் விரைவாக அரிக்கப்படும் என்பது இரசாயனம் கற்றோர் அறிந்ததே. ஆழம் குறைந்த இக்கடலில் சூறாவளியின் வேகம் அடித்தளம் வரை உணரப்படும். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வீசியதும் இப்பகுதியிலேயே. கழன்ற தகடுகள் அலைந்து திரியுமாயின் அவை வீடாகாமல் குப்பையாகிவிடும்.

ஆகவே கடலில் இறக்குமுன் இயந்திரம், எண்ணெய், மின்கலம், டயர், ஆசனம், கண்ணாடி ஆகிய அனைத்தும் அகற்றப்பட்டு, வண்டி நன்கு கழுவப்படல் வேண்டும். அதனினும் சிறந்த வழி கொங்கிறீட் ஆகும். இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கரையோரத்தில் முக்கோண வடிவிலும் வளைய வடிவிலும் வார்க்கப்பட்ட கொங்கிறீட் கட்டிகளைக் கொண்டு செயற்கைப் பார்களை அமைத்து வந்துள்ளது. அவை துருப்பிடிப்பதில்லை, எளிதில் நகர்வதுமில்லை.

அறிஞர்களிடையே இன்னுமொரு விவாதமும் உண்டு. செயற்கைப் பார் புதிதாக மீனை உண்டாக்குகின்றதா, அல்லது சிதறித் திரியும் மீனை ஓரிடத்தில் கூட்டித் தருகின்றதா என்பதே அது. பின்னையது உண்மையாயின், கூடிய மீனை எல்லோரும் ஒரே இடத்தில் பிடித்துத் தீர்ப்பது முன்னையதிலும் விரைவாக வளத்தை அழித்துவிடும். எனவே பாரைச் சுற்றிய ஒரு பகுதியில் குறித்த காலத்துக்கேனும் மீன்பிடியைத் தவிர்க்கும் ஒழுங்கு அவசியம். அவ்வொழுங்கு கடற்றொழிலாளர் சங்கங்களின் இணக்கத்துடன் அமைந்தாலன்றி நிலைக்காது.

இந்நிலையில் செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. பஸ் வண்டிகள் இறக்கப்பட்ட இடங்களின் சரியான அமைவிடத்தைத் தீவகத்துத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறியச் செய்தல் வேண்டும். சுழியோடிகளைக் கொண்டு அவற்றின் இன்றைய நிலையைப் பரிசோதித்து, எவ்வினங்கள் குடியேறியுள்ளன, எத்தகடுகள் கழன்றுள்ளன என்பதை மக்கள் முன் வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறைக்கு இது பொருத்தமான பணியாகும். அந்த அறிக்கை வெளிவரும்வரை மேலும் வண்டிகளை இறக்காதிருப்பதே அறிவுடைமை. கழித்துவிட்ட பொருளுக்கு இடம் தேடுவது ஒரு தேவை; கடலின் வளத்தைக் காப்பது வேறொரு தேவை. இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடமுண்டு என்றால், அதைச் சொல்ல வேண்டியது கடலடியில் கிடைக்கும் சான்றேயாகும்.