மாத்திரை டப்பா கை மாறும் வயது

பிள்ளைக்கு 18 வயது ஆனால் ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ளும் பக்குவம் அன்றைக்கே வந்துவிடுமா? நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியாதா! காய்ச்சல் மாத்திரையைக்கூட நாம்தான் தண்ணீரோடு நீட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால், பிறவியிலேயே எச்.ஐ.வி. கிருமி தொற்றி, தினமும் மாத்திரை சாப்பிட்டே வளர்ந்த பிள்ளைகள்? "ஐயோ, அந்த வியாதியா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நம் தெருவிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்போது இதற்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006 கடைசியில் வந்தது. பிழைக்குமா என்று அன்றைக்குப் பெற்றவர்கள் கலங்கிய குழந்தைகள் இன்று காலேஜுக்கும் வேலைக்கும் போகிறார்கள்.

எங்கே தடுமாறுகிறார்கள்?

குழந்தை டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பரீட்சை மார்க்கூட விசாரிப்பார். கூட வந்த அம்மாவிடமோ பாட்டியிடமோதான் எல்லாம் சொல்வார். பெரியவர்கள் பிரிவில் அப்படியா? புது டாக்டர், நீள வரிசை, நேருக்கு நேர் கேள்வி. "கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய்?" என்றால் பிள்ளை விழிக்கும். அதோடு, ஹாஸ்டலில் தோழிகள் மாத்திரையைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். 'எனக்கு மட்டும் ஏன்?' என்ற கோபம். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்ற எண்ணம். மெதுவாக மருந்து நின்றுபோகும். நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ, அந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போய்விடலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் காசநோயும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டியம்மா, தாய் தகப்பன் இல்லாத பேத்தியை வளர்த்தார். "சத்து மாத்திரை கண்ணு" என்று சொல்லியே கொடுத்து வந்தார். 13 வயதில் அந்தப் பெண் டப்பாவில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டாள். "ஏன் அம்மாயி எங்கிட்ட பொய் சொன்னே?" என்று அழுதவள், பல நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. ஏ.ஆர்.டி. மையத்துக் கவுன்சலர் அம்மா பொறுமையாகப் பேசித்தான் வழிக்குக் கொண்டுவந்தார். இப்போது அவள் தனியாகவே உள்ளே போய் டாக்டரிடம் பேசுகிறாள். பாட்டி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது

உண்மையைச் சொல்லுங்கள். 6 முதல் 12 வயதுக்குள், புரிகிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

பொறுப்பையும் படிப்படியாகக் கொடுங்கள். 10, 12 வயதில் மாத்திரையைத் தானே எடுக்கட்டும், நீங்கள் பார்த்திருங்கள். 15-ல் நேரத்தைத் தானே நினைவு வைக்கட்டும். அதன்பின் டாக்டரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். பெரியவர்கள் பிரிவுக்குப் போகும் முன்பே மருந்தின் பெயர், அடுத்த தேதி, ரத்தத்தில் கிருமியின் அளவு மூன்றும் பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூருக்குப் படிக்கப் போகிறதா? மையத்தில் முன்கூட்டியே சொன்னால் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். மாத்திரை தீர்ந்த பிறகு அலையக்கூடாது.

இன்னொன்று, சோகையாக இருக்கிறாளே என்று நாமாக இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்போம். இப்போது பலருக்கும் தரப்படும் டோலுடெக்ராவிர் மருந்தோடு வெறும் வயிற்றில் அது சேர்ந்தால், மருந்து சரியாக உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இப்படித்தான். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும் இதைக் கெடுக்கும். எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

கல்யாணம், குழந்தை?

வயசுப் பெண் மனசில் இருக்கிற பெரிய கேள்வி இதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். தவறாமல் மருந்து சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், தாம்பத்தியத்தின் மூலம் துணைக்குத் தொற்றாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. முறையான சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இதை அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

நம் பங்கு

கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கொசுக் கடியாலோ இது தொற்றாது. தெரிந்த விஷயத்தைக் குழாயடியில் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, இந்தக் கிருமியைக் காரணம் காட்டிப் படிப்போ வேலையோ வாடகை வீடோ மறுக்கக் கூடாது. சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், காசு கிடையாது. குழந்தையைத் தோளில் சுமந்து வளர்த்தவர்கள், அது தனியாக நடக்கும்போது இரண்டடி பின்னால் வந்தால் போதும்.