பச்சைக்கு எதிர் எது?

'பச்சை'க்கு எதிர்ச்சொல் என்ன? சமையலறையில் கேட்டுப் பாருங்கள். பச்சை மிளகாய்க்குக் காய்ந்த மிளகாய். பச்சரிசிக்குப் புழுங்கலரிசி. பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர். செங்கல் சூளைக்குப் போனால், பச்சைக்கல்லுக்குச் சுட்ட கல். சிவப்பு எதிரே வந்து நிற்பது போக்குவரத்து சிக்னலில்தான்.

பழைய சோற்றுக்கு எதிர் சுடுசோறு. 'புதிய சோறு' என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது பிஞ்சா, முற்றலா என்று தெரிந்துகொள்ள. அங்கே இளமை, முதுமை என்ற பாடப்புத்தக ஜோடிக்கு வேலையே இல்லை.

'எதிர்' என்றதும் பகைதான் நினைவுக்கு வருகிறது. எதிரி, எதிர்ப்பு, எதிர்த்துப் பேசுவது என்று காதில் விழுந்துகொண்டே இருப்பதால் வந்த பழக்கம் அது. அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'முன்னால், நேராக' என்பதே. நம்மை நோக்கி வரும் காலம் எதிர்காலம். இலக்கண நூல்கள் அதை எதிர்வு என்கின்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவில், கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கு முந்தைய நாள், மூன்றுமாவடியில் திரண்டு நின்று அவரை வரவேற்கிறார்கள். செம்பு நிறையச் சர்க்கரை, அதன்மேல் எரியும் சூடம், 'கோவிந்தா' என்ற முழக்கம். அதற்குப் பெயர் எதிர்சேவை. பகைக்கு அங்கே என்ன இடம்?

எதிர்வீடு என்றால் இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்க வேண்டும். எதிர்ச்சொல்லும் அப்படித்தான். அரிசிக்கு எதிர் அரிசிக்குள்ளேதான் கிடைக்கும், தண்ணீருக்கு எதிர் தண்ணீருக்குள்ளே. பொதுவான தளம் ஒன்று இல்லாமல் முரண் பிறக்காது. தொல்காப்பியம் முரணை மோனை, எதுகையோடு சேர்த்துத் தொடையாக வைத்தது எவ்வளவு நுட்பம்! தொடுத்துக் கட்டுவதுதானே தொடை. பேச்சிலும் தமிழர்கள் எதிர்களைப் பிரித்து வைப்பதில்லை. போக்கும் வரத்தும் சேர்ந்து போக்குவரத்து ஆகிறது. கடன் விவகாரம் முழுவதும் கொடுக்கல் வாங்கலில் அடங்கிவிடுகிறது. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்தான் உறவுக்காரர்.

பள்ளியிலோ இந்த வளத்தையெல்லாம் இரண்டு பத்திகளாக்கி, நடுவே பெருக்கல் குறி போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பட்டியலில் இருப்பதைத் தவிர வேறு எழுதினால் தவறு. வீட்டில் சரியாகப் பேசுகிற பிள்ளை தேர்வுத்தாளில் மதிப்பெண் இழக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்லைத் தனியே கொடுக்காமல் வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். தனியே கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், 'லேசு' என்பதற்கு ஒரு பிள்ளை 'கனம்' என்றும் இன்னொரு பிள்ளை 'கஷ்டம்' என்றும் எழுதும்போது, இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.