காலங்கடந்த கௌரவம்

வெனிஸ் படவிழா தோன்றியது 1932-ம் வருஷத்தில். இத்தாலிய டைரக்டர் பெர்னாண்டோ தி லியோ பிறந்ததும் அதே வருஷந்தான். அவ்விழா அவரைக் கௌரவித்ததோ 2004-ல். அவர் ரோமாபுரியில் காலமாகி ஒன்பது மாதங்களுக்குப் பின்! இரண்டாந்தரமென்று தள்ளப்பட்ட இத்தாலியப் படங்களுக்கு அவ்வருஷம் ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அமெரிக்க டைரக்டர் குவென்டின் டாரன்டினோ. வீட்டிலுள்ள பொருளின் அருமையை விருந்தாளி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

தி லியோ எடுத்தவை பெரும்பாலும் கொள்ளைக்கூட்டக் கதைகள். பண்டிதர்கள் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. ஆனால் 1972-ல் வெளிவந்த 'மிலானோ காலிப்ரோ 9' என்ற படத்தில் நடப்பதென்ன? துப்பாக்கி வெடிகளுக்கிடையே இரு போலீஸ் அதிகாரிகள் தர்க்கம் செய்கிறார்கள். குற்றவாளிகளைப் பிடித்தடைப்பதே தம் கடமையென்பது ஒருவர் கட்சி. சட்டம் தனவந்தனைத் தீண்டுவதில்லை, தெற்கேயிருந்து பிழைக்க வந்த ஏழையின் கழுத்தையே பிடிக்கிறது என்பது மற்றவர் கட்சி. இக்காட்சிகளால் கதையோட்டம் தடைப்படுகிறதென்பர் சிலர். குறை உண்மையே. ஆயினும் நமக்கு அவையே பிரதானமாகத் தோன்றுகின்றன. தி லியோவும் தெற்கே புக்லியாப் பிரதேசத்தவரன்றோ!

செர்ஜியோ லியோனேக்குக் கீர்த்தி தேடித் தந்த 1964-ம் வருஷத்துப் படத்தின் திரைக்கதையிலும் அவர் கை உண்டு. திரையில் பெயர்தான் இல்லை. 1985-க்குப் பின் அவர் படமெடுக்கவில்லை. பதினெட்டு வருஷங்கள் சும்மா இருந்தார். வெனிஸிலிருந்து ரோமாபுரிக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்துசேர அத்தனை காலமா வேண்டும்?